அக்காவின் குரலில்

மார்ச் 4

ஃப்ரிட்ஜ் வேலை செய்யவில்லை என்று இன்று எங்கள் கால் சென்டருக்குப் போன் போட்டு ஒரு ஆள் காட்டுக் கத்தல் கத்தினார். தொண்டை தழுதழுக்க மன்னிப்புக் கேட்டேன். கடைசியில் அவரே, "சரி விடும்மா, நீ அழாத" என்று என்னைத் தேற்றிவிட்டு வைத்தார். நான் பாதியில் விட்ட பிஸ்கட்டைக் கடித்தேன். பக்கத்து சீட்காரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மதியம் கேன்டீனில் மேனேஜர் நடையை நடந்து காட்டினேன். நாலு பேர் கைதட்டினால் போதும், எனக்குப் பசியே தெரியாது. பிறவிக் கோளாறு.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள்: "பெரியவ எங்க? இன்னும் வரல?"

அக்கா லாரியில் அடிபட்டுப் போனது போன மழைக்காலத்தில். அதற்கு முன்பே அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஞாபகம் குழம்பிவிட்டது. நேற்று உண்மையைச் சொன்னேன். அப்போதுதான் கேள்விப்படுகிறவள் போல மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்து, மறந்து, மறுபடியும் கேட்டாள். இன்னும் எத்தனை தடவை நான் அக்காவைச் சாகடிப்பது?

மார்ச் 9

அம்மா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை. ஸ்பூனைத் தட்டிவிடுகிறாள். "நீ யாரு? பெரியவளக் கூப்பிடு."

சமையலறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றேன். அங்கிருந்து, லேசாகக் கரகரத்து, சிரிப்பை விழுங்கிக்கொண்டு பேசுகிற அக்காவின் குரலில் சொன்னேன்: "என்னம்மா, சின்னக் கொழந்த மாதிரி அடம் பிடிக்கிற?"

"வந்துட்டியாடி?"

கிண்ணம் காலி.

மார்ச் 10

செய்தது தப்பா? சாப்பிட்டாளே.

மார்ச் 22

இப்போதெல்லாம் அறைக்குள்ளேயே போகிறேன், அக்கா மாதிரி கொண்டை போட்டுக்கொண்டு, அவள் மாதிரி ஒரு தோளைச் சாய்த்து. அம்மா என் கன்னத்தைத் தடவி, "இளச்சுட்ட" என்கிறாள்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். சுகமாக இருக்கிறது. இவ்வளவு நன்றாக நான் எங்கேயும் நடித்ததில்லை. இன்னொன்று — இதை ஆரம்பித்ததிலிருந்து நான் அக்காவுக்காக அழவே இல்லை. வீட்டில்தானே இருக்கிறாள்?

ஏப்ரல் 6

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சின்னவ ஏன்டி என்னப் பாக்க வரதே இல்ல?" என்றாள்.

அக்கா குரலிலேயே, "வேலை ஜாஸ்திம்மா" என்றேன்.

"வேலையாவது ஒண்ணாவது. கோவம். நாடகக் குழுவுல சேரப்போறேன்னு வந்து நின்னப்ப, கூத்தாடின்னு வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன்ல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அதுக்கு முன்னாடியே அவ காலேஜ் நாடகத்தப் பார்த்தேன்டி. சொல்லாம போயி, பின்னாடி நின்னு. என்னமா நடிச்சா தெரியுமா! பயந்துட்டேன். இவ நம்ம கைல நிக்கமாட்டான்னு. அவகிட்ட சொல்லித் தொலைக்காத."

"சொல்லமாட்டேன்மா."

நான்தாம்மா, இங்கதாம்மா இருக்கேன்னு கத்தணும் போல இருந்துச்சு. கத்தினா யாரு நீன்னுதான் கேப்பா. எத்தனை வருஷமா இதுக்காகக் காத்துட்டிருந்தேன், வந்தது அக்காவுக்கு. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழுகைகூட யார் குரலில் வருகிறதென்று தெரியவில்லை.

ஏப்ரல் 13

அத்தான் வந்தார். அக்காவின் வீட்டுக்காரர்; அவள் போனபின் இந்த வீட்டுப் பக்கமே வராதவர். நான் அக்கா மாதிரி சிரித்துக்கொண்டே திரும்பினேன் — செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் நிற்கிறார். முகத்தில் ரத்தம் இல்லை.

கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"அத்தை பசியாறணும்னு செய்யற. புரியுது," என்றார். "ஆனா அந்தச் சிரிப்பு எனக்கு இனிமே ஒழுங்கா ஞாபகம் வராது. உன்னுதுதான் வரும்."

போய்விட்டார்.

ஏப்ரல் 15

அத்தான் போன் எடுக்கவில்லை.

மே 2

அம்மா விடியற்காலையில் போய்விட்டாள். முந்தின நாள் சாயங்காலம் நல்ல தெளிவாக, "பெரியவளே, சின்னவளப் பாத்துக்கோடி. அவளுக்கு யாரும் இல்ல" என்றாள். சரிம்மா என்றேன்.

அம்மாவைப் பொறுத்தவரை நான் கடைசிவரை வரவே இல்லை.

அத்தான் வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார். என்னோடு பேசவில்லை. ஒரு சித்தி இன்னொருத்தியிடம், "கண்ணுல ஒரு சொட்டு தண்ணி இல்ல பாரு" என்றது காதில் விழுந்தது. நடித்திருக்கலாம்தான். வரவில்லை.

மே 19

அத்தான் போன் செய்தார்.

"அன்னைக்கு அப்படிச் சொன்னவன்தான்," என்றார். "இப்ப நானே கேக்கறேன். ஒரே ஒரு தடவ அவ மாதிரி பேசு. என்னங்கன்னு கூப்பிட்டாப் போதும்."

குரல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கரகரப்பு, விழுங்கிய சிரிப்பு, எல்லாம் தயார். எவ்வளவு சுலபம்.

"அக்கா செத்துட்டா அத்தான்," என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பக்கம் அவர் விம்முவது கேட்டது. இந்தப் பக்கம் நான், அசிங்கமாக, மூக்கு ஒழுக. இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா என்று கேட்டார். அக்காவின் துணிகளை யாருக்காவது கொடுத்துவிட வேண்டுமாம். தனியாக அலமாரியைத் திறக்க மனசு வரவில்லையாம்.

வரேன் என்றேன்.