சண்டைக்குப் பிந்திய கப்பல்

மார்ச் 4, திங்கள்
'பேஷன்ஸ்' என்ற பழைய போர்க்கப்பலின் வரலாற்றை நான் எழுத வேண்டுமாம். பதினெட்டாம் நூற்றாண்டுக் கப்பல். பெயர் பொறுமை! அதன் மாதிரியை எங்கள் ஆற்றோர அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர், அதன் கேப்டன் பென்ட்லியின் வழிவந்த ஒரு சீமாட்டி. "வீரம் தெரிய வேண்டும், றொசானா" என்றார் இயக்குநர். நன்றாக வந்தால் என் தற்காலிக வேலை நிரந்தரமாகலாம்.

மார்ச் 7, வியாழன்
வீரமா? வெள்ளோட்டத்தன்றே தேம்ஸ் சேற்றில் புதைந்து, வேடிக்கை பார்க்க வந்த சனமே கயிறு கட்டி இழுத்திருக்கிறது. முதல் போருக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாரும் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டார்கள். இரண்டாவதற்கு வழி தவறிவிட்டது. பிடித்த ஒரே எதிரிக் கப்பலில் முழுக்கப் பிராந்தி. அடுத்த சில நாள் கப்பல் எங்கே இருந்ததென்று கேப்டனுக்கே தெரியாது.

மார்ச் 12, செவ்வாய்
இன்னும் மோசம். மூடுபனியில் எதிரியென்று நினைத்துச் சுட்ட ஒரே குண்டு, சொந்தத் தளபதியின் கப்பல் சமையலறையில் விழுந்திருக்கிறது. சூப் போச்சு. சமையல்காரன் தப்பினான்.
கடைசியில் பாய்மரங்களைக் கழற்றி, மிதக்கும் ஆஸ்பத்திரியாக்கி, பிறகு விறகாக்கிவிட்டார்கள்.

மார்ச் 13, புதன்
இயக்குநர் வரைவைப் படித்தார். "இதில் வெற்றி எங்கே?"
"பிராந்தி?" என்றேன்.
சிரிக்கவில்லை. வெள்ளிக்குள் மாற்றவேண்டுமாம்.

மார்ச் 14, வியாழன்
'அலைகளுக்கு அஞ்சாத...' என்று தொடங்கிப் பார்த்தேன். சீ.
ஜெரோசன் ஹீத்ரோ விமான நிலையத்தில் ஷிப்ட் முடிந்து வந்தார். சோற்றைப் போட்டுக் கொடுத்துக் கப்பல் கதையைச் சொன்னேன். புரைக்கேறும்வரை சிரித்தார், என் மனுசன்.
"அப்ப சண்டையிலை எத்தினை பேர் செத்தவை?"
"ஒருத்தரும் இல்லை. காய்ச்சலிலை போனவை இருக்கினம். சண்டையிலை ஒருத்தரும் சாகேல்லை."
சிரிப்பு நின்றுவிட்டது. அவருடைய அண்ணை, ஊரில் யுத்தம் நடந்தபோது இயக்கப் படகில் முல்லைத்தீவுக் கடலுக்குச் சண்டைக்குப் போனவர். உடல்கூட வரவில்லை. கலியாணம் கட்டியதிலிருந்து இதை நாங்கள் பேசியதேயில்லை.
"சண்டைக்கெண்டு போனவை எல்லாரும் திரும்பி வந்தவையே?"
"ஓம். சண்டையிலையிருந்து எல்லாரும்."
"அப்ப அதை எழுதுமன்."
எழும்பிப்போய்ச் சோற்றுக் கோப்பையைக் கழுவினார். கன நேரம் கழுவினார்.

மார்ச் 15, வெள்ளி
அனுப்பிவிட்டேன். சேறு, சூப், எல்லாம் அப்படியே. கடைசியில் ஒரு வரி கூட்டினேன்: 'போரில் இக்கப்பல் ஒருவரையும் இழக்கவில்லை.'
வேலை போனாப் போகட்டும். — போகட்டுமா? ஐயோ கடவுளே.

மார்ச் 22, வெள்ளி
இயக்குநர் அதைச் சீமாட்டிக்கு அனுப்பினாராம், அவரே என்னைத் திட்டட்டும் என்று. சீமாட்டிக்கு ஒரே சந்தோசம். பென்ட்லி ஒரு மடையன் என்பது அவர்கள் குடும்பத்துக்கே தெரிந்ததாம்.

ஏப்ரல் 19, வெள்ளி
திறப்பு விழா. நான் எழுதியதைப் பொறித்த பலகையைச் சீமாட்டி உரக்க வாசித்துச் சிரித்தார். கடைசி வரியை மட்டும் மெதுவாக வாசித்தார். அந்த வரி தன் யோசனை என்று இயக்குநர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். நிரந்தர வேலை அவருடைய மருமகனுக்காம். கொண்டு போகட்டும்.
ஜெரோசன் லீவு போட்டு வந்து, மாதிரிக் கப்பலுக்கு முன்னால் நெடுநேரம் நின்றார். திரும்பும்போது ரயிலில், நான் ஒன்றும் கேட்காமலே சொன்னார்:
"அண்ணைக்கு நீந்தவே தெரியாதப்பா. அவனைப் போய்க் கடலுக்கு எடுத்தவங்கள்."
சிரித்தார். நானும் சிரித்தேன். நாங்கள் இறங்கும் ஹவுன்ஸ்லோ வரும்வரை அண்ணையின் கதைதான்.