கிளப் புல்வெட்டிக்கு ஒரு பல்சக்கரம்

அக். 13, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பள்ளிக்கூடம் விட்டதும் பின்கட்டில், இரும்பு கடையும் என் லேத்தில். கிளப் புல்வெட்டிக்குப் பல்சக்கரம். சின்னதுதான், கத்தி உருளையைச் சுழற்றுவது அது. பழையதில் பாதிப் பல் இல்லை. சீமைக்கு எழுதினார்களாம், பதில் இல்லை. வெள்ளைக்காரன் புல்லை விட்டுப் போனான், பல்லைக் கையோடு கொண்டு போய்விட்டான்.

கிளப் செக்ரட்டரி நேரில் வந்தார். வக்கீல். லேத்தைப் பார்த்து, "தையல் மிஷின் மாதிரி இருக்கே, மாஸ்டர்" என்றார். காலால் மிதிக்கிறேன், அதனால். ஒரு திருகாணியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாத மனிதர். சனிக்கிழமை புல்தரையில் டீ பார்ட்டி, மெட்ராஸிலிருந்து யாரோ பெரிய அதிகாரி. அதற்குள் வேண்டுமாம்.

வாங்க: அரம், உப்புத்தாள், மூக்குப்பொடி.

அக். 15, வியாழன்

வெயில். பழைய லாரி ஆக்சில் துண்டு. கடைந்து, ஒவ்வொரு பல்லாக ராவி முடித்தேன். பல் கெட்டிப்படப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் விட்டேன். சமையலறைக் கடலை எண்ணெய்.

"வடைக்கு வெச்சிருந்தது. இரும்பையே வறுத்துத் தின்னுங்க" என்றாள் என் மனைவி.

திரும்ப இளஞ்சூடு, வைக்கோல் நிறம் வரும்வரை; இல்லாவிட்டால் பல் ஒடியும். மாலையே கிளப்பில் பூட்டியாயிற்று. சத்தமே இல்லாமல் ஓடியது. சீமைக்காரன் இதைவிட நன்றாகச் செய்திருக்க மாட்டான். அதைச் சொல்ல இந்தச் செங்கல்பட்டில் ஒரு ஆள் கிடையாது.

அக். 16, வெள்ளி. ஆயுத பூஜை

லேத்துக்குச் சந்தனம், குங்குமம். இன்று தொடக் கூடாது. வடை இல்லை.

சாயங்காலம் கிளப் பக்கம் போனேன். தோட்டக்காரன் கன்னியப்பன் புல்வெட்டிக்கு மாலை போட்டு, கற்பூரம் காட்டி, சில்லறை போட்ட பூசணிக்காயைப் புல்தரை நடுவிலேயே உடைத்தான். வெளியே ரோட்டில் உடைத்தால் என்ன என்று கேட்டேன்.

"லாரிக்கு ரோட்ல ஒடைக்கிறோம். இதுக்கு ரோடு புல்லுதானே சார்?"

இவன் கையில் போய் என் பல்சக்கரம்.

அக். 17, சனி

காலையில் ஆள் வந்தது. புல்வெட்டி நின்றுவிட்டது என்று. ஓடினேன். பாதித் தரை வெட்டியிருந்தது, பாதி காடு. என் சக்கரத்தில் இரண்டு பல் போயிருந்தன. கத்தியை விலக்கினால் உள்ளே ஓட்டைக் காலணா ஒன்று, வளைந்து சிக்கிக் கிடந்தது. பூசணிக்காய்க் காசு. யாரும் பார்க்கவில்லை. சட்டைப்பையில் போட்டேன்.

செக்ரட்டரி கன்னியப்பன் மேல் பாய்ந்துகொண்டிருந்தார். "மிஷின் ஓட்டத் தெரியாதவன் எனக்கு எதுக்கு? இன்னியோட கெளம்பு." கன்னியப்பன் செய்யூர்ப் பக்கத்து ஆள், நிலம் நீச்சு கிடையாது. வீடு நிறையக் குழந்தைகள்.

காசை எடுத்து நீட்டினால் என் பெயர் தப்பும், அவன் வேலை அதோடு போகும். "அவன் மேல் தப்பில்லை. சக்கரத்துக்கு நான் சூடு சரியாக ஏற்றவில்லை" என்றேன். ஏன் சொன்னேன்? இருக்கிற இரண்டு முட்டாள்களில் சம்பளம் இல்லாமல் பிழைக்க முடியாதவன் அவன். அவ்வளவுதான்.

"வீட்டு லேத்துன்னா அப்படித்தான். மெட்ராஸ்லயே குடுத்திருக்கணும்" என்றார் வக்கீல், எல்லோருக்கும் கேட்கும்படி.

உடைந்த சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

அக். 18, ஞாயிறு

மழை. வாசலில் கன்னியப்பன், கையில் கீரைக்கட்டு. வேலை நிலைத்துவிட்டதாம். பின்கட்டுக்கு வந்து லேத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என்னை.

"இன்னா சார், மூஞ்சி இப்டி கீது? வுடு சார். மொத தபாதானே. செஞ்சுகினே இருந்தா கை தானா வந்துரும்."