பாத்தியில் இறங்கிய சைக்கிள்

அக்கா,

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்தது கீழே சரிகிறது. மாலை வகுப்புக்குப் போய் எழுத்துக் கூட்டப் பழகி ஆறு மாதம்தான் ஆகிறது. 'அக்கா' என்று எழுதவே இரண்டு தாள் வீணாயிற்று. ஆனாலும் எழுதிவிட்டேன் பார்த்தாயா! எழுபதுக்கு மேல் எனக்கு வந்த கொழுப்பு இது.

இன்று காலை உன் பேத்தி வந்தாள். தடித்த டயர் போட்ட சைக்கிள். மேட்டிலும் சேற்றிலும் ஓட்டுவதற்கென்றே செய்ததாம். உப்பளத்து வரப்பெல்லாம் சுற்றிவிட்டு வந்து என் வாசலில் நிறுத்தினாள். டயரில் அப்பியிருந்த கருஞ்சேறு காயக் காய ஒரு வாடை எழுந்தது. உனக்குத் தெரியாத வாடையா? உடனே எனக்குப் பத்து வயது, உனக்குப் பன்னிரண்டு.

அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த உப்பளத்தில், மதியம் அவர் கூழ் குடித்துவிட்டுக் கொட்டகையில் கண்ணயர்ந்ததும் அவருடைய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவோம். தெருவில் ஓட்ட முடியாது. பெண்பிள்ளை சைக்கிள் ஏறினாள் என்று அவர் காதுக்குப் போய்விடும். அதனால் நமக்கு வாய்த்த பாதை வரப்புதான். இரண்டு முழ அகலம், இருபக்கமும் உப்புத் தண்ணீர். நீ பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓட்டுவாய். நான் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடுவேன். என் முறை வந்தால் குனிந்து சக்கரத்தையே பார்ப்பேன்.

"டேய், கீழ என்னடா பாக்குற? வரப்பு எங்கயும் ஓடிப்போவாது. நேரா பாருடா!"

விழுந்தால் சிராய்ப்பில் உப்புத் தண்ணீர் பட்டு எரியும். உனக்கு எரிந்தாலும் சிரிப்பாய்.

ஒருநாள் அந்த உப்புப் பாத்தி. அம்மாவும் மற்றவர்களும் பத்து நாள் வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்து இறுக்கிய தரை. அது இறுகினால்தான் தண்ணீர் கட்டலாம், சேறு கலக்காமல் உப்பு எடுக்கலாம். என் கண்ணுக்கு அது சிமெண்டுத் தரையாகத் தெரிந்தது.

"வேணாண்டா, உள்ள ஈரம் இருக்குது" என்றாய்.

நான் இறக்கிவிட்டேன். பாதி தூரத்தில் சக்கரம் புதைந்து நின்றது. நீ இறங்கி வந்து இழுத்தாய். பத்து நாள் மிதித்த தரை நடுவில் கிழிந்து கிடந்தது.

"யார்ரா சைக்கிள எறக்கினது?" என்றார் அப்பா.

"அக்காதாம்பா" என்றேன்.

நீ என்னை ஒருதரம் பார்த்தாய். அம்மாவோடு நின்று அந்தப் பாத்தியை மறுபடி மிதித்தாய். அதோடு சைக்கிள் உனக்கு இல்லையென்று ஆயிற்று. நான் பிரம்மதேசம், கிளியனூர் என்று ஊர் ஊராக வாழ்நாளெல்லாம் ஓட்டித் திரிந்தேன். நீ எதிரில் நடந்து வரும்போதெல்லாம் இறங்கி நின்று, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். போன மழைக்காலத்தில் நீ கண்ணை மூடும்வரை சொல்லவில்லை.

இன்று பேத்தியிடமாவது சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். "உங்க ஆயாவும் நானும் ஒருநாள் பாத்தியில..." என்றதுமே அவள் துள்ளினாள்.

"தெரியும் தாத்தா! இந்த வரப்புலேர்ந்து அந்த வரப்பு வரைக்கும் ஒரே மூச்சுல ஓட்டினாங்களாமே! நீங்க பயந்துகிட்டு நின்ன எடத்துலயே அழுதீங்களாமே! ஆயா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. அதக் கேட்டுத்தான் நான் இந்த சைக்கிளே வாங்கினேன்."

அடிப்பாவி! தடம் பாதிவரைதான் இருந்தது. நீ அந்தப் பக்கத்துக்கே போய்விட்டாயா? நான் உன் தலையில் போட்ட பழியை எடுத்து, அதன்மேல் ஏறி உட்கார்ந்து ஓட்டிவிட்டாயே!

"ஆமாம்மா, நல்லாவே அழுதேன்" என்றேன். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சைக்கிளை இறக்கியவன் நான்தான் அக்கா. அது நம் இருவருக்குள் இருக்கட்டும். இந்தத் தாளை யாருக்கும் காட்ட மாட்டேன். உன் பேத்தி அந்தச் சவாரியை எழுதித் தரச் சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம் எழுத உட்காரப் போகிறேன். கை வலித்தாலும் சரி, எத்தனை தாள் போனாலும் சரி, அந்தப் பக்கத்து வரப்பில் நீ கால் ஊன்றும்வரை நிறுத்த மாட்டேன்.