டாக்டரிடம் நான் அவிழ்த்துவிட்டது

என் அக்கா மகளுக்கு,

டாக்டர் நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தே தீருவார் என்று நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா? "வேலைக்குப் போறீங்க, நல்லாப் பேசுறீங்க, இந்த வயசுல ஆட்டிசம் பரிசோதனை எதுக்கு?" என்று உன்னை இரண்டு முறை திருப்பி அனுப்பியவர் என்னிடம் வாலாட்ட முடியுமா? நீ வெளியே காத்திருக்க, நான் உள்ளே போய், "சார், குக்கர் விசிலடிச்சா காதைப் பொத்திக்கிட்டுக் கட்டிலுக்கு அடியில போயிடுவா, சின்னதுலேர்ந்தே!" என்று ஒரு போடு போட்டேன். மனிதர் எழுந்து நின்றே கையெழுத்துப் போட்டார்.

உன் அம்மா, "நாலு பேர் என்ன நினைப்பாங்க?" என்று புலம்பினால் என்னிடம் அனுப்பு. அந்த நாலு பேரையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நிபுணரிடம் மட்டும் அந்தக் குக்கர் கதையைச் சொல்லாதே. உன் உண்மையே போதும். கட்டிலுக்கு அடியில் கிடந்தவன் நான்தான்.

உன் தாய்மாமன்