குறிகட்டுவானில் ஒரு மச்சத் தாச்சி

யூன் 26, வியாழன்

இன்று நான் சுட்ட வடையை ஒருவரும் வாங்கவில்லை.

நயினாதீவு அம்மனுக்குக் கொடியேற்றம். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்கு நின்ற சனம் என் கடையைத் தாண்டி வீதிவரை நின்றது. 'திருவிழா முடியும்வரை சைவ வடை மட்டும்' என்று பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தேன். வழக்கமாக இறால் தருகிற மண்டைதீவு மேரிறோஸிடம் இப்போதைக்கு வேண்டாம் என்று முன்பே சொல்லியாயிற்று. எண்ணெய் புதிது, பருப்பு புதிது, அகப்பைகூடப் புதிது.

கொழும்பில் இருந்து வந்த ஒரு அம்மா வடையைக் கையில் எடுத்தவர், அடுப்பில் எண்ணெய் கொதிக்கிற தாச்சியைப் பார்த்தார்.

"பிள்ளை, உது இறால் வடை சுடுற தாச்சிதானே?"

"ஓம் அம்மா. நல்லாத் தேய்ச்சுக் கழுவினனான்."

வடை திரும்பத் தட்டுக்கு வந்துவிட்டது. வரிசை முழுக்கக் கேட்டுவிட்டது. எதிர்க்கடைக் கதிர்காமு அண்ணை விடுவாரா? "இங்கை வாங்கோ, எங்கடை அடுப்புக்கு மச்ச மணமே தெரியாது!" அவருடைய வடை பல்லை உடைக்கும். அதையும் வாங்கித் தின்றார்கள்.

என் வீட்டுக் குசினியில் மீன் காய்ச்சுகிற சட்டி வேறு, மரக்கறிச் சட்டி வேறு. மாறி எடுத்தால் நானே சாப்பிடமாட்டேன். கடையில் மட்டும் எங்கே போனது அந்தப் புத்தி? சிக்கனம். வேறென்ன.

யூன் 27, வெள்ளி

யாழ்ப்பாணம் போய்ப் புதுத் தாச்சி வாங்கினேன். கைபிடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக் கிழிக்கவில்லை. சனம் பார்க்கட்டும்.

யூன் 28, சனி

பாதி விற்றது. பாதி போதாது.

யூன் 29, ஞாயிறு

போகிறவர்களைப் பார்த்தது போதும் என்று இன்று திரும்பி வருகிறவர்களைக் கவனித்தேன். அதே தீவில் இருக்கிற நாகவிகாரைக்குப் போய்வந்த தெற்குச் சிங்களச் சனம் இறங்கியதும் கேட்டது: "இஸ்ஸோ வடே நெத்த?" இறால் வடை இல்லையா என்று. இல்லை என்றதும் முகம் சுருங்கியது.

பின்னால் வந்த வவுனியாக்காரர் ஒருவர் குனிந்து, "அக்கா, நாங்கள் கும்பிட்டாச்சு. ஒண்டு ரண்டு ஒளிச்சு வச்சிருக்கிறியளோ?" என்றார்.

மனைவி அவர் கையில் கிள்ளினார். "திருநீறு காயேல்லை, அதுக்குள்ளை இறாலோ? அம்மன்ரை கோபுரம் இஞ்சை தெரியுது."

நான் சும்மா கேட்டேன், "அப்ப எவ்வளவு தூரம் போனால் தின்னலாம், தங்கச்சி?"

அவருக்குச் சிரிப்பு. "பண்ணைப் பாலம் கிட்ட வந்தால் பறவாயில்லை அக்கா. அதுக்குள்ளை இவருக்குப் பசியிலை உயிர் போயிடும்."

பாலத்துக்கு முன்னால் மண்டைதீவுச் சந்தி. எல்லா வாகனமும் அந்த வழியால்தான் திரும்ப வேண்டும். இறால் அடுப்பை அங்கே வைக்கலாமே! இத்தனை வருசம் வியாபாரம் செய்கிற எனக்கு இதை ஒரு வாடிக்கையாளர் சொல்லித்தர வேண்டியிருந்தது!

யூலை 1, செவ்வாய்

மேரிறோஸ் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"திருவிழா முடியும்வரை வேண்டாமெண்டு போனிலை சொன்னனீங்கள். இப்ப என்ன, அம்மன் உத்தரவு தந்திட்டாவோ?"

சந்தியில் என் அடுப்பை வைத்து அவள் சுடலாம், நாட்கூலி தருகிறேன் என்றேன்.

"கூலிக்கோ? இறால் என்ரை மனுசன் பிடிக்கிறது. சந்தி எங்கடை ஊர்ச் சந்தி. உங்களிட்டை என்ன இருக்கு அக்கா? ஒரு கழுவின தாச்சி!"

பக்கத்து வீட்டுப் பெண்களும் சிரித்தார்கள். வந்துவிட்டேன். படகுக்குள் கூடை தூக்கி அவித்த கச்சான் கடலை விற்றுத் தொடங்கினவள் நான். எனக்கே நக்கலோ?

யூலை 3, வியாழன்

கோபம் ஆறிவிட்டது. கோபத்தை வைத்து வடை சுட ஏலாது.

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னதில் பிழை இல்லை. வேறு ஆளைப் போட்டால்? மீசையை வெட்டி, கோது கழற்றாமல், எண்ணெயில் கழலாதபடி இறாலை வடைமேல் அமத்துகிற கை அவளுடையது. ஆனால் வடைக்கு நான் அரைக்கிற பருப்புக் கூட்டு அவளுக்குத் தெரியாது: எவ்வளவு பருப்பை அரைபடாமல் விடுவது, பெருஞ்சீரகம் எப்போது, செத்தல் மிளகாயை எந்தப் பருமனில் இடிப்பது. அவள் தனியாகச் சுட்டால் இறால் மட்டும்தான் நன்றாக இருக்கும். இது அவளுக்கும் தெரியும். நாளைக்கு ஒரு வாளி கூட்டோடு போவேன்.

யூலை 5, சனி

சந்தியில் முதல் சூடு. நேற்றுக் கொண்டுபோன கூட்டை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, கணக்கைப் பிறகு பேசலாம் என்று மேரிறோஸ் வந்துவிட்டாள். கண்டி வாகனம் ஒன்று எங்களைத் தாண்டிப் போய், மணத்துக்குப் பின்பக்கமாகவே வந்தது. வெங்காயச் சம்பலை மேலே வைத்து, கடற்காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, ஊதி ஊதித் தின்றார்கள். இறால் மீசையில்லாமல் மொறுமொறு என்று. அப்படி நின்றுதான் தின்ன வேண்டும். வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போனால் பாதி உயிர் போய்விடும்.

"பாத்தியளோ அக்கா, என்ரை இறாலை?" என்றாள்.

"உம்மடை இறால் எதுக்கு மேலை இருக்கு எண்டு பாரும்," என்றேன்.

இருவரும் சிரித்தோம்.

யூலை 9, புதன்

தேர். இறங்குதுறையில் சைவ வடை மத்தியானத்துக்கு முன் முடிந்தது. கதிர்காமு அண்ணை என் கூட்டில் பெருஞ்சீரகம் எவ்வளவு என்று விசாரித்தார். சிரித்துவிட்டு வந்தேன்.

யூலை 13, ஞாயிறு

திருவிழா முடிந்தது. இறங்குதுறையில் இனி எந்நாளும் சைவம்தான். இறால் சந்தியில் மட்டும். மேரிறோஸ் கூலிக்குச் சம்மதிக்கவே இல்லை. நானும் விடாமல் பேசிப் பார்த்தேன். பிறகு ஒத்துக்கொண்டேன்: இறால் அவளது, கூட்டு எனது, இலாபம் சரிபாதி. ஞாயிறு தேவாலயப் பூசை முடிந்து அவள் வரும்வரை அடுப்பு மூட்டுவதில்லை. வடை ஒன்று நூற்றைம்பது ரூபாய், சம்பலுக்குத் தனிக் காசு இல்லை.