ஆணி அடித்த கதவு

ஸ்ஃபாக்ஸ்,
ஷஅபான் மாதம், சனிக்கிழமை முற்பகல்.

என் கண்குளிர்ச்சியான மகள் நஜாத்துக்கு,

உன் மீதும் மருமகன் மீதும் பேரன் மீதும் இறைவனின் சாந்தி உண்டாவதாக. லியோனில் குளிர் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நலம். எனக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. உன் அம்மாவுக்கு இரத்த அழுத்த மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கசக்கிறது என்று குறை சொல்கிறாளே தவிர, தவறாமல் போட்டுக்கொள்கிறாள்.

பேரன் பள்ளிப் பையோடு நிற்கும் படம் வந்து சேர்ந்தது. என் மேஜையில் வைத்தேன். தூசி துடைக்கும்போது அம்மா அதைக் கவிழ்த்துவிடுகிறாள். நான் நிமிர்த்தி வைக்கிறேன். இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

"அம்மா என்னோடு பேசுவாளா?" என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். அவள் சம்மதமில்லாமல் மணம் முடித்து நீ கிளம்பிய காலையில் அவள் அறைக்கதவைத் தட்டிவிட்டு, திறக்காததால் அப்படியே கப்பலுக்குப் போனாய். அன்றிலிருந்து உன் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. "இன்னும் இல்லை" என்று நானும் பதில் எழுதி வந்தேன். இந்த முறை அந்தப் பதிலை எழுதக் கை வரவில்லை. வேறு பதில் எழுதவும் துணிவில்லை. அதனால் நேற்று அரங்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பொருள் என்ன என்று நீயே பார்த்துக்கொள். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்பதில் எனக்கே சந்தேகம்.

பல் வைத்தியர் லமீனை நினைவிருக்கும். நகராட்சி அரங்கில் அவர் குழு போடும் நாடகங்களுக்கு, பணி ஓய்வுக்குப் பிறகு, நடிகர்கள் மறக்கும்போது நான் வசனம் எடுத்துக்கொடுக்கிறேன். மேடையின் முன்விளிம்பில் ஒரு குழிப்பெட்டி உண்டு. அதற்குள் பிரதியோடு உட்கார்ந்துகொள்ள வேண்டும். நடிகர்களின் பாதங்களும் முகங்களும் எனக்குத் தெரியும். பார்வையாளர்கள் என் முதுகுக்குப் பின்னால் இருப்பார்கள். என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

இந்த முறை லமீனே எழுதிய காதல் சோகம். கேர்கென்னா தீவிலிருந்து வந்து கடலில் மூழ்கிக் கடற்பஞ்சு எடுக்கும் ஒருவனை ஒரு பெண் விரும்புகிறாள். தாய்க்கு அது மானப் பிரச்சினை. அவன் கடலில் செத்துவிட்டான் என்ற செய்தி வருகிறது. மூன்றாம் அங்கத்தின் கடைசிக் காட்சியில் மேடை நடுவில் ஒரு சுவர், அதில் ஒரு கதவு. இடப்புறம் மகளின் அறை. அவள் அரளியை அரைத்துக் குடித்துவிட்டு, கதவில் சாய்ந்து உட்கார்ந்துவிடுகிறாள். வலப்புறம் நடைவழி. தாய் விளக்கோடு வருகிறாள். அவன் பிழைத்துக் கரை சேர்ந்துவிட்டான் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிய வந்திருக்கிறது. மகள் குடித்தது தாய்க்குத் தெரியாது. அவன் பிழைத்தது மகளுக்குத் தெரியாது. இரண்டும் பார்வையாளர்களுக்குத் தெரியும். தாய் கதவருகே வெகுநேரம் பேசாமல் நிற்கிறாள். பிறகு, "தூங்கட்டும். காலையில் சொல்லிக்கொள்ளலாம்" என்று திரும்பிப் போகிறாள். திரை விழுகிறது.

பாத்திரம் அறியாததைப் பார்ப்பவர் அறிவதற்கு நாடக முரண் என்று பெயர் என, உன் வகுப்பு உட்பட எத்தனையோ வகுப்புகளுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் அது என்ன செய்யும் என்பதை நேற்றுத்தான் பார்த்தேன் மகளே.

தாயாக நடிப்பவள் மருத்துவமனைத் தாதி ஸக்கியா. மேடையில் மௌனம் விழுந்தாலே எனக்குப் பதறும். மறந்துவிட்டார்களோ என்று உடனே வசனத்தைக் கிசுகிசுத்துவிடுவேன். அதனால் லமீன் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். "உஸ்தாத், உங்க காலப் பிடிச்சுக் கேக்கறேன், அவ கதவுகிட்ட நிக்கிற எடத்துல மட்டும் வாயத் தொறக்காதீங்க. அவ மறக்கல, நடிக்கிறா." முதல் இரண்டு நாள் நாடகத்திலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

நேற்று வெள்ளி பிற்பகல், பெண்களுக்கு மட்டுமான காட்சி. அது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சூரியகாந்தி விதை கொறிக்கும் சத்தம், ஆரஞ்சுத் தோல் வாசனை, மடியில் குழந்தைகள். மேடையில் இருப்பவர்களை யாரும் சும்மா விடுவதில்லை. மகள் அரளியைப் பறித்ததும் ஒருத்தி கத்தினாள்: "அடியே, அது விஷம்டி, கீழ போடு!" இன்னொருத்தி, "அவன் சாகலடி பைத்தியமே, கரையேறிட்டான்!" என்றாள். பின்வரிசையிலிருந்து யாரோ, "அவளுக்குக் கேக்காது, உக்காருங்கடி. இது நாடகம்" என்று அதட்டினாள். உடனே பதில் வந்தது: "நாடகம்னா? சாக விட்டுட்டுப் பாத்துட்டு இருக்கணுமா?" ஒரே சிரிப்பு. குழிக்குள் நானும் சிரித்தேன்.

ஸக்கியா விளக்கோடு வந்து நின்றாள். சிரிப்பு அடங்கியது. விதை கொறிக்கும் சத்தமும் நின்றது. கதவின் இந்தப் பக்கம் தாய், அந்தப் பக்கம் மகள். நடுவே ஒரு விரற்கடைப் பலகை. அத்தனை பெண்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததை என் பிடரியில் உணர்ந்தேன். அப்போது அந்தக் குரல் எழுந்தது.

"கதவத் தொறடி! பெத்தவதானே நீ? தொற!"

அது உன் அம்மாவின் குரல்.

அவள் வருவாள் என்று எனக்குத் தெரியாது. அரங்கத்துக்குள் காலே வைக்காதவள். பக்கத்து வீட்டு ஷரீஃபா இழுத்துவந்திருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. அம்மாவின் குரலைச் சமையலறையிலிருந்து இத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன். இப்படி ஒருநாளும் கேட்டதில்லை.

ஸக்கியா திடுக்கிட்டாள். அவள் கண்கள் என் பெட்டிக்குத் தாழ்ந்தன. இந்தத் தடவை அது நடிப்பில்லை, உண்மையிலேயே வசனம் அவளை விட்டுப் போய்விட்டது. "தூங்கட்டும்" என்ற சொல்லின் மேல்தான் என் விரல் இருந்தது. அதை வாசிக்க வேண்டியதுதான் என் வேலை. ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கதவைத் திற. பெற்றவள்தானே நீ?" என்றேன். அதையும் இலக்கணச் சுத்தமாகச் சொன்னேன். வாத்தியார் புத்தி.

பெட்டியிலிருந்து வருவது எதுவோ அதுதான் வசனம் என்று பழகியவள் ஸக்கியா. விளக்கைக் கீழே வைத்தாள். "பெத்தவதானே நான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு கதவைப் பிடித்து இழுத்தாள். கதவு வரவில்லை. ஒத்திகையில் அந்தக் கதவு ஆடிக்கொண்டே இருந்ததாலும், கதைப்படி அதை யாரும் திறக்கப்போவதில்லை என்பதாலும், தச்சர் அம்மார் அதைச் சட்டத்தோடு வைத்து ஆணி அடித்திருந்தார். ஸக்கியாவுக்கு அது தெரியாது. மீண்டும் இழுத்தாள். பிறகு இரண்டு கைகளாலும் குத்தினாள். சுவர் முழுதும் அதிர்ந்தது. "அவன் உயிரோட இருக்கான்டி! கேக்குதா? உயிரோட இருக்கான்! தொற!" என்று பலகையில் வாயை வைத்துக் கத்தினாள். இதில் ஒரு சொல்கூடப் பிரதியில் கிடையாது.

அந்தப் பக்கம் மகளாக நடித்த சின்னப் பெண் அசையாமல் கிடக்க வேண்டியவள். அவள் தலையைத் தூக்கினாள். கேட்டுவிட்டாள். கையை உயர்த்தித் தாழ்ப்பாளைத் தேடினாள். அவள் பக்கத்திலும் கதவு அசையவில்லை. கை மெல்லச் சறுக்கி விழுந்தது. திரைக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் திரையை இறக்காமலேயே நின்றுவிட்டார். தாய் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தாள். அரங்கம் முழுதும் எழுந்து நின்று அழுதது. கைதட்டல் இல்லை. சாவு வீட்டில் அழுவதைப் போல வாய்விட்டு அழுதார்கள்.

லமீன் எழுதியது வீம்பைப் பற்றிய காட்சி. நேற்று மேடையில் நடந்தது வேறு. திறக்க மாட்டேன் என்று ஒருத்தி போய்விடுவது ஒரு துயரம். திறக்க வேண்டும் என்று மனம் வந்த பிறகு கதவு திறக்காமல் போவதை என்னவென்று சொல்வது? அதற்குக் கரும்பலகையில் எழுத என்னிடம் சொல் இல்லை. குழிக்குள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

திட்டு வாங்கத் தயாராக வெளியே வந்தேன். லமீன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "யார் எழுதுன வசனம் உஸ்தாத் அது?" என்றார். "இனிமே இப்படியே போடுவோம். ஆணியும் இருக்கட்டும்" என்றார்.

வாசலில் அம்மா முக்காட்டை இழுத்து மூடி நின்றிருந்தாள். இருவரும் வீட்டுக்கு நடந்தோம். கோட்டைச் சுவர் அருகே வந்தபோது, "அந்தக் கதவுக்கு ஆணி அடிச்சது யாரு?" என்று கேட்டாள். தச்சர் அம்மார் என்றேன். "அவன் கைய ஒடைக்க" என்றாள். வீட்டுக்கு வந்து சூப்பை அடுப்பில் வைத்தாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, "அங்க ரொம்பக் குளிருமா?" என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. குளிரும் என்றேன். "புள்ளைக்குத் தொண்ட கட்டுமே" என்றாள். அவ்வளவுதான். இதற்கு மேல் எதுவும் நடக்கவில்லை. நான் மிகைப்படுத்தவில்லை.

அடுத்த வெள்ளி பிற்பகல், அஸர் தொழுகைக்குப் பிறகு, மறுபடியும் பெண்கள் காட்சி. அவள் வரமாட்டாளாம், ஷரீஃபாவிடம் சொல்லிவிட்டாள். நான் அரங்கத்தில் இருப்பேன். வீட்டில் அவள் மட்டும்தான். அந்த நேரத்தில் தொலைபேசியில் கூப்பிடு. நான் இருந்தால் என்னைத்தான் எடுக்கச் சொல்வாள். அதனால்தான் நான் இல்லாத நேரத்தை எழுதுகிறேன். அவள் எடுத்து ஒன்றும் சொல்லாமல் இருந்தால் பயந்து வைத்துவிடாதே. பேரனிடம் கொடு. அவனுக்குத் தெரிந்த நம் மொழிச் சொற்கள் கொஞ்சம்தான் என்றாலும் போதும். எடுக்கவே இல்லையென்றால், தயவுசெய்து இன்னொரு தடவை அடி.

அல்லாஹ் உங்கள் மூவரையும் கண்ணிமை போல் காக்கட்டும். உன் குரலைக் கேட்கும் வாழ்வை உன் அம்மாவுக்கு நீட்டித் தரட்டும்.

உன்னை மறவாத தந்தை,
தீஜானி