அறுத்தெடுத்த சீட் கம்பி

ஹாலிஃபாக்ஸ்,
நவம்பர் கடைசி ஞாயிறு

மயோர்க்காத் தீவில் வெயில் காயும் மருமகன் ஏட்ரியனுக்கு, மாமனார் ரொனால்ட் எழுதுவது.

உன் பழைய சைக்கிளின் சீட் கம்பியை ரம்பத்தால் அறுத்து எடுத்துவிட்டேன். சைக்கிளை அங்கே அனுப்பச் சொல்லி நீ எழுதிய கடிதம் மறுநாள்தான் வந்தது. முன்னால் வந்திருந்தாலும் அறுத்திருப்பேன்.

நீ காரை எடுத்துக்கொண்டு போன பிறகு, ஹேசல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போக மிஞ்சியது அந்த இரும்புச் சைக்கிள்தான். சீட் உன் உயரத்துக்கு நின்றது. என் மகளுக்குக் கால் எட்டவில்லை. இறக்கலாமென்றால் கம்பி அசையவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை அதை உருவிக் கிரீஸ் தடவ வேண்டும் என்பது இந்த ஊரில் குளிரில் சைக்கிள் மிதிக்கும் எவருக்கும் தெரியும். தடவாவிட்டால், பனி உறையாமலிருக்கச் சாலையில் தூவும் உப்பு உள்ளே இறங்கி, கம்பியையும் சட்டத்தையும் ஒட்டவைத்துவிடும். பார்க்கிறவர்களுக்காக வீலை மினுக்கத் தெரிந்த உனக்கு, கண்ணில் படாத இடத்தில் ஒரு விரல் கிரீஸ் வைக்கத் தெரியவில்லை. குடித்தனத்தையும் அப்படித்தானே நடத்தினாய்.

சந்தையில் தெருக்கடை போட்டுக் குழாய் விற்று மேலே வந்தவன் நான். துரு எனக்குப் புதிதல்ல. கொதிநீர் ஊற்றிப் பார்த்தேன். கம்பியைப் பட்டறை இடுக்கியில் கடிக்கவிட்டு, சைக்கிளையே பிடித்துத் திருகினேன். கடைசியில் உள்ளே ரம்பத்தை விட்டு நீளவாக்கில் அறுத்து, நோண்டி எடுத்தேன். பக்கத்தில் நின்ற ஹேசல், "பாத்துப்பா, ஃபிரேம்ல கீறல் விழுந்தா அவரு கத்துவாரு" என்றாள். "கத்தட்டும்மா, கடல் தாண்டி இங்க கேக்காது" என்றேன். சிரித்தாள். அப்புறம் கீறல் விழுந்திருக்கிறதா என்று சட்டத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

மீதியையும் கேள். தடித்த டயர், நல்ல விளக்கு, முழு மட்கார்ட் எல்லாம் மாட்டிவிட்டேன். பின் மட்கார்டின் நுனியில், பின்னால் வருகிறவர் மேல் சேறு தெறிக்காமலிருக்க, பாத்திரம் கழுவும் சோப்பு பாட்டிலை வெட்டித் தரையைத் தொடுகிற மாதிரி ஒரு நாக்கு. அசிங்கம் என்பாய். உன் அழகுக்காக எத்தனை பேர் சேறு தின்றார்கள்? குளிர்கால ஞாயிறு சைக்கிள் ஓட்டத்தில் மட்கார்ட் இல்லாதவன் வரிசையின் கடைசியில் வர வேண்டும் என்பது நம் கிளப்பின் முறை. நீ முன்னால்தான் போவேன் என்று போய், ஓட்டத்தை நடத்தும் மேவிஸின் வாயிலேயே சேற்றை அடித்தாய். மன்னிப்பும் கேட்கவில்லை. இப்போது அங்கே பூனை கனம்கூட இல்லாத கார்பன் சைக்கிளில், உல்லாசப் பயணிகளுக்கு வழி காட்டுகிறாயாமே. வெயிலில் சைக்கிள் விட யாருக்குத்தான் வராது?

ஹேசல் இப்போது வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வருவதில்லை. குன்றைச் சுற்றி ஏறித்தான் வருகிறாள். வசந்தத்தில் கிளப்பின் மலையேற்றப் பந்தயத்துக்குப் பேர் கொடுத்திருக்கிறாள். இதில், பழைய இரும்புச் சைக்கிளுக்கு அங்கே கிராக்கி, விற்றுவிடலாம் என்று கடிதத்தில் எனக்கே வியாபாரம் சொல்லித் தருகிறாய்!

போன ஞாயிறு அவள் அதை ஓட்டத்துக்குக் கொண்டுவந்தாள். மேவிஸ் குனிந்து மட்கார்டைத் தடவிப் பார்த்து, "அடேங்கப்பா, வண்டிக்கே ஒழுக்கம் வந்துடுச்சே! ஓட்டுனவனுக்கு எப்பம்மா வரும்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவன் நான். ஹேசல் மட்டும் முகத்தை இறுக்கிக்கொண்டு, "நீங்க வண்டியைப் பாருங்க மேவிஸ். அவரைப் பத்தி நான் பேசிக்கிறேன்" என்றாள். என் சிரிப்பு பாதியில் நின்றது. இன்னும் உனக்காகப் பேச ஒரு ஆள் இருக்கிறாளே என்று எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் காது கேட்டதை எழுதாமலிருக்க முடியவில்லை.

அன்றைக்கே அவளிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு, "சைக்கிள் போகாதுப்பா. வேணும்னா அவரு வரட்டும்" என்றாள்.

அவளோடு உட்கார்ந்து பேசி முடித்தது இது. சைக்கிள் இங்கேதான் நிற்கும். புதுக் கம்பி அவள் உயரத்துக்கு. ஜனவரி முதல் ஞாயிறு ஓட்டத்துக்கு நீ வர வேண்டும், மட்கார்ட் மாட்டிக்கொண்டு. உன் கார்பன் சைக்கிளில் மாட்டத் துளை இல்லையென்றால் கயிற்றால் கட்டு. எல்லோர் முன்னாலும் மேவிஸிடம் மன்னிப்பு. வரிசையில் ஹேசலுக்குப் பின்னால் உன் இடம். அவள் சக்கரத்திலிருந்து ஒரு துளிகூட உன் மேல் படாது, அதற்கு நான் பொறுப்பு. தேநீர்க் கடையில் உங்கள் இருவருக்கும் தனி மேசை. வழிச்செலவு உன்னுடையது. தேநீரும் பன்னும் என் கணக்கு.

ரொனால்ட் சட்க்ளிஃப்